கடைசிப் பக்கத்துப் புகை

அக்கா, நீங்க புத்தகம் படிக்கிற ஆளுதானே? மடியில வச்சிருக்கீங்களே, அதான் கேட்டேன். உக்காருங்க, உக்காருங்க. உங்க பஸ் இப்பத்தான் போச்சு, தூசி இன்னும் அடங்கல. இனி அடுத்தது வெயில் தாழ்ந்துதான். ஆட்டுக்குப் பயப்படாதீங்க, ஒண்ணும் பண்ணாது. முந்தானையை மட்டும் இழுத்துச் சொருகிக்கங்க. அந்தா நிக்கிறாளே ஒத்தைக் காது அறுந்தவ, மூளி, அவளுக்கு எதைக் கண்டாலும் மென்னு பாக்கணும். அவதான் எல்லாத்துக்கும் முன்னாடி போறவ. அந்தத் திமிரு.

விஷயம் என்னன்னா, எனக்கு ஒரு கதையோட முடிவு தெரியணும்.

மேல்நாட்டுக் கதைக்கா. தமிழ்லதான் இருக்கு, யாரோ மாத்தி எழுதியிருக்காக. அட்டை கிடையாது, பேரு போட்ட தாளும் கிடையாது, அதனால என்ன புத்தகம்னு என்னைக் கேக்காதீங்க. ஆர்லோன்னு ஒரு பய. மீசை இன்னும் முளைக்கல. தொப்பி, குதிரை, துப்பாக்கி எல்லாம் உண்டு. அவுக வீட்டு மாட்டையெல்லாம் திருட்டுப் பயலுக ஓட்டிட்டுப் போயிருவானுக. இவன் தனியாளாப் போயி மீட்டுட்டு வர்றான். கேள்விப்பட்டிருக்கீங்களா? நல்லா யோசிச்சுப் பாருங்க. குதிரை பேரு சாம்பல்.

இல்லையா? சரி விடுங்க. வர்ற வழியெல்லாம் கேட்டுட்டுத்தான் வர்றேன். அறந்தாங்கியில ஒரு பழைய புத்தகக் கடைக்காரரு, "என்னம்மா, ஆட்டை நடு ரோட்டுல நிறுத்திட்டு வந்து கதை கேக்குற"ன்னு விரட்டி விட்டுட்டாரு. அவரும் பாவம். ஒரு கடா அவர் கடை வாசல்ல இருந்த கோனார் நோட்ஸைத் தின்னுக்கிட்டு இருந்துச்சு.

எங்களுக்கு ஊரு வெள்ளேந்தல். அந்தா கண்மாய்க் கரை தெரியுதுல்ல, அதுக்கு அங்கிட்டுத்தான். ஆட்டோட போனா ஒரு மணி நேரம். இவ்வளவு பக்கத்துல வந்துட்டு, ஊருக்குப் பாதை பிரியுற இந்த விலக்குல ஏன் உக்காந்திருக்கான்னுதானே பாக்குறீங்க? ஆட்டுக்கு வெயில் ஆகாதுக்கா. வெயில் தாழட்டும்.

நாங்க கிடை போடுற ஆளுக. தை அறுப்பு முடிஞ்சதும் தஞ்சாவூர்ப் பக்கம் ஆட்டை ஓட்டிட்டுப் போயிருவோம். பகல்ல மேய்ச்சல். பொழுது சாய வயக்காரவுக கை காட்டுற வயல்ல அடைச்சுப் போட்டுட்டா, புழுக்கையும் மூத்திரமும் அவுக வயலுக்கு உரம், நமக்குக் கூலி. ஆத்துல தண்ணி திறந்து நடவு ஆரம்பிச்சுட்டா ஊர் திரும்பணும். எப்பவும் ரெண்டு மூணு குடும்பம் சேந்துதான் போறது. இந்த வருஷம் கூட வர்றவுக ஆட்டை வித்துட்டுத் திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போயிட்டாக. அதனால நானும் எங்க வீட்டுக்காரரும் மட்டும். வயிரவன்னு பேரு. பிள்ளைய ஊர்ல நாத்தனார்கிட்ட விட்டுட்டுப் போனோம். தன்ஷிகா. ஒண்ணாவது படிக்கிறா. அவளும் ஆட்டுக்குப் பின்னாடி அலைஞ்சா பள்ளிக்கூடம் என்னாகுறது? நானே எட்டாவதோட நின்னவ.

அங்க ஒரு வயக்காரம்மா வீட்டுக்கு வெள்ளையடிச்சாக. பழைய பேப்பரெல்லாம் ஒரு சாக்குல அள்ளிப் போட்டு, "அடுப்புப் பத்த வை பூமயிலு"ன்னு கொடுத்தாக. அதுக்குள்ளதான் இது கிடந்துச்சு. அடுப்புக்குன்னு கொடுத்தது அடுப்புக்குத்தானே? காலையில பின்னாடியிருந்து ரெண்டு தாளைக் கிழிப்பேன், சுள்ளிக்கு அடியில சொருகுவேன், நல்லாப் பிடிச்சுக்கும். ஏன் பின்னாடியிருந்துன்னா கை அப்படித்தான் வாகா வந்துச்சு. முன்னாடியிருந்து கிழிச்சிருந்தாத் தப்பிச்சிருக்கலாம். ஆரம்பம் தெரியாட்டி என்ன, போகப் போகப் புரிஞ்சுக்கலாம். இது முடிவுல்ல போச்சு! அந்தம்மாவாச்சும் "உள்ள கதை இருக்கு பூமயிலு"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். படிச்சவுகளுக்கே தெரியல பாருங்க.

அப்புறம் எங்க வீட்டுக்காரருக்குக் கால் ஒடிஞ்சுச்சு. மேய்ச்சல்ல இருந்து ஆட்டை ரோட்டைத் தாண்டி விடுறப்ப, ஒரு மோட்டார் சைக்கிள்காரன் போன் பேசிக்கிட்டே வந்து அடிச்சுட்டான். முழங்காலுக்குக் கீழ ரெண்டு துண்டு. எங்க கொழுந்தன் ஊர்ல இருந்து கார் பிடிச்சுட்டு வந்தாரு. ஆளைப் படுக்க வச்சுக் கொண்டுக்கிட்டுப் போறாக. நானும் ஏறியிருக்கலாம். ஆனா ஆட்டை யாரு பாக்குறது? "மதினி, வியாபாரிகிட்ட பேசிட்டேன், நாளைக்கே வந்து பிடிச்சுக்குவான், வித்துட்டு பஸ்ல வந்துருங்க"ன்னாரு கொழுந்தன். கார் போயிருச்சு.

அடுப்புக்கு முன்னாடி வந்து உக்காந்தேன். ஒருத்திக்கு எதுக்குச் சோறு பொங்கணும்னு இருந்துச்சு. கையில அந்தப் புத்தகம் இருந்துச்சு. சும்மாதானே இருக்கோம்னு படிச்சேன். "ஆர்லோ மேற்குத் திசையை நோக்கினான்." அன்னைக்கு அடுப்பே பத்த வைக்கல.

மறுநாள் வியாபாரி வந்தான். நான் அப்ப நாலாவது பக்கத்துல இருக்கேன். போண்ணே, ஆடு விக்கலன்னு அனுப்பிட்டேன். கதைக்காக இல்லக்கா, அவன் கேட்ட விலை அப்படி. அவன் மூஞ்சியும் எனக்குப் பிடிக்கல.

அன்னைக்குச் சாயங்காலம் அவுக போன் பண்ணினாக. ஆட்டை நானே பத்திக்கிட்டு வர்றேன்னதும் ஒரே சத்தம். "பொம்பளை ஒத்தையில ஆட்டைப் பத்திக்கிட்டு நாலு ஊரு தாண்டி வந்தா, ஊர்ல என்னை என்னன்னு பேசுவான்? கால் ஒடிஞ்சவன் பொண்டாட்டிய மேய்க்க விட்டுட்டுப் படுத்திருக்கான்னு பேசுவான்."

"பேசுறவன் வந்து பத்தட்டும், நான் பஸ்ல வர்றேன்"னேன்.

அதுக்கு ஒண்ணு சொன்னாக. அதை அப்புறம் சொல்றேன். கோவத்துல சொல்றதுதான். முதல்ல கதையக் கேளுங்க.

இந்த ஆர்லோ கிளம்புறான்ல, அப்ப அவன் அம்மா வாசல்ல நின்னு போகாதேங்கிறா. அப்பன் இல்லாத வீடு. இவன் குதிரையில ஏறுறான், போறான், திரும்பிக்கூடப் பாக்கல. "அவன் நெஞ்சு இரும்பாயிற்று"ன்னு எழுதியிருக்காரு அந்தப் புண்ணியவான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. திரும்பிப் பாத்தா என்னடா, கழுத்துச் சுளுக்கிக்குமா? பெத்தவ அங்க நிக்கிறா, மாடாடா பெருசுன்னு நல்லாக் கேட்டேன் புத்தகத்தைப் பிடிச்சுக்கிட்டு. நான் தை மாசம் கிளம்புறப்ப எத்தனை தடவை திரும்பிப் பாத்தேன் தெரியுமா? தன்ஷிகாதான் பாக்கல. அத்தை கையப் பிடிச்சுக்கிட்டு அவ பாட்டுக்கு முட்டாய் வாங்கப் போயிட்டா. சின்னப் பிள்ளை, அதுக்கென்ன தெரியும்.

ஆனா பட்ட பாட்டைப் பாத்தா அந்தப் பய மேல இருக்குற கோவம் போயிரும். ஒரு உப்புப் பாலைவனம் வருது. சொட்டுத் தண்ணியில்லை. தோல்பையில இருந்த கடைசி மடக்கைத் தான் குடிக்காம குதிரைக்குக் கொடுக்குறான். எனக்கு அழுகையே வந்துருச்சு. அந்த மாதிரி யாரு செய்வா, சொல்லுங்க? நான் வர்ற வழியிலயும் ரெண்டு கண்மாய் ஒட்டக் காஞ்சு கிடந்துச்சு. ஒரு செங்கல் சூளைக்காரர்கிட்டக் கெஞ்சிக் கூத்தாடி, அவர் வேலையாளுகளுக்கு நானே சோறாக்கிப் போட்டு, ஆட்டுக்குத் தண்ணி காட்டினேன். மீந்ததுல எனக்கு ஒரு செம்பு. அது வேறக்கா. அது ஆட்டுக்குத் தண்ணி காட்டுறது, தினமும் உள்ள வேலை. அவன் செஞ்சது தியாகம்.

அப்புறம் ஒரு பெரிய ஆறு. மாட்டையெல்லாம் வெள்ளத்துல இறக்கி அக்கரை சேக்குறான். நமக்கு ஆறு எங்க இருக்கு, நாலு வழிச் சாலைதான். ஒருத்தன் நிப்பாட்டணுமே! பாத்தேன் பாத்தேன், மாத்துச் சேலையில செவப்பு ஒண்ணு இருந்துச்சு, அதை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நடு ரோட்டுல போயி நின்னுட்டேன். ஒரு லாரி கிறீச்சுன்னு மூஞ்சிக்கு நேரா வந்து நிக்குது. "சாகுறதுக்கு வேற வண்டி கிடைக்கலையா?"ன்னாரு டிரைவரு. "உங்க வண்டிதாண்ணே பெயிண்டெல்லாம் அடிச்சு அழகா இருந்துச்சு"ன்னேன். சிரிச்சுட்டாரு மனுஷன். கடைசிக் குட்டி தாண்டுற வரைக்கும் லாரியைக் குறுக்க போட்டுக்கிட்டு நின்னாரு. இருந்தாலும் ஆர்லோ ஆத்தைத் தாண்டின மாதிரி வராதுக்கா. அதைப் படிக்கணும் நீங்க.

திருட்டுப் பயலுக வர்ற இடம் இருக்கே, நெஞ்சு படபடங்கும். அவனுக நெருப்பைச் சுத்தி உக்காந்திருக்கானுக, இவன் புதருக்குள்ள மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கான். எனக்கும் ஒரு சாயங்காலம் மினி வேன்ல ரெண்டு பேரு வந்தானுக. பார்வையே சரியில்லை. "ஆம்பளை யாரும் இல்லையாம்மா?"ன்னான் ஒருத்தன். "தார்ப்பாய்க்கு அங்கிட்டுப் படுத்திருக்காக, எழுப்பவா?"ன்னேன். அங்கிட்டு எங்க கிழட்டுக் கடாதான் சளி பிடிச்சுக் கிடக்கு. அந்த நேரம் பாத்து இருமுச்சு பாருங்க! செம்மறியாடு இருமிக் கேட்டிருக்கீங்களா? அம்பது வருஷம் பீடி குடிச்ச ஆள் மாதிரியே இருக்கும். "எந்திரிச்சாக் கோவக்காரவுகண்ணே"ன்னேன். வண்டியத் திருப்பிட்டானுக. நான் சிரிச்ச சிரிப்புல நாயே பயந்துருச்சு. அப்புறம் அதை யாருகிட்டயாச்சும் சொல்லணும்னு இருந்துச்சு. சொல்ல யாரு இருக்கா? கடாகிட்டயே சொன்னேன்.

அந்த ஆர்லோவுக்கும் அதே வியாதி. குதிரைகிட்டப் பேசுறான். பக்கம் பக்கமாப் பேசுறான். ஒத்தையில கிடந்து பயலுக்கு மூளை கலங்கிருச்சுன்னு நெனச்சேன். நானும் நாய்கிட்டப் பேசுவேன், அந்தா படுத்திருக்கானே கருவாயன், ஆனா அது வேற. இவன் காதை ஆட்டிப் பதில் சொல்லுவான். அந்தக் குதிரை ஒண்ணும் சொல்லாது. கடைசியில அது செத்தும் போயிரும். ஐயோ, அதை நான் சொல்லியிருக்கக் கூடாது, நீங்க என்னைக்காச்சும் படிச்சா?

சாயங்காலமானா தன்ஷிகாவுக்குப் போன் பண்ணுவேன். மொதல்லெல்லாம் "சாப்ட்டியா"ன்னா "ம்", "படிச்சியா"ன்னா "ம்". போனை அத்தைகிட்டக் கொடுத்துட்டு ஓடிருவா. நாத்தனாரைத்தான் வாய்தவறி அம்மாங்கிறாளாம். நாத்தனார் சிரிச்சுக்கிட்டே சொன்னாக. நல்லதுதானே, பிள்ளை ஏங்கிப் போகாம இருக்குல்ல? நானும் சிரிச்சேன். சிரிச்சுட்டு, இப்படியே விட்டா ஆகாதுன்னு மறுநாள் ஆர்லோ கதைய எடுத்து விட்டேன். தினம் கொஞ்சம். நல்ல இடம் பாத்து நிறுத்திருவேன். அப்புறம் பாருங்க, மணி ஆறானாப் போன் அங்கிருந்து வரும். "அம்மா, அவன் புதருக்குள்ள இருந்தான்ல, தும்மல் வந்துச்சா?" அவுக அப்பாவும் பக்கத்துல படுத்துக்கிட்டுக் கேப்பாகளாம். என்கிட்டப் பேசமாட்டாக. கதை மட்டும் கேக்குறது. ஒரு நாள் பின்னாடியிருந்து "குதிரைக்கு லாடம் அடிச்சானான்னு கேளு"ன்னு சத்தம் வந்துச்சு. அவ்வளவுதான்.

இப்ப அந்தக் கடைசிப் பக்கம். இருங்க, அதை அப்படியே வாசிக்கிறேன். மடக்கி வச்சிருக்கேன், வேர்வையில கொஞ்சம் கலைஞ்சுருச்சு. மாட்டையெல்லாம் மீட்டுட்டான். குதிரை போச்சு, நடந்தே பத்திக்கிட்டு வர்றான். ஒரு மேட்டுல ஏறுறான். "அவன் தன் வீடிருந்த திசையை நோக்கினான். அங்கே புகை எழுந்துகொண்டிருந்தது. அது"

அவ்வளவுதாங்க்கா. "அது"வோட பக்கம் முடிஞ்சுருச்சு. மிச்சம் எந்த அடுப்புல எரிஞ்சுச்சோ.

எனக்கு இதுல சந்தேகமே இல்லை. எங்கள்ல ஒரு பழக்கம் உண்டு. கிடை ஊர் திரும்புதுன்னு தெரிஞ்சா, வீட்ல இருக்குறவுக பட்டியக் கூட்டி, எருவாட்டியும் பச்சை வேப்பந்தழையும் போட்டுப் புகை மூட்டம் போடணும். ஆடில்லாத பட்டியில ஈயும் உண்ணியும் அடைஞ்சு கிடக்கும்ல, அது போறதுக்கு. ஆனா அதுக்கு மட்டும் இல்லை. புகை தெரிஞ்சாத்தான் ஆட்டைப் பத்திக்கிட்டு ஊருக்குள்ள நுழையுறது. தெரியலன்னா வீட்ல என்னமோ சரியில்லைன்னு வெளியிலயே நிப்பாட்டிருவோம். தன்ஷிகா வயித்துல இருந்தப்ப நான் ஊர்ல இருந்தேன், அந்த வருஷம் நான்தான் போட்டேன். அப்ப இதே விலக்குல நின்னு பாத்துட்டு வந்தேன்னு சொன்னாக அவுக. நீ போட்ட புகை நூல் பிடிச்ச மாதிரி ஏறுச்சுன்னாக. அதையெல்லாம் சொல்ற ஆளே இல்லை அவுக.

அதனால ஆர்லோ அம்மா போட்டது மூட்டம். மகன் மாட்டோட வர்றான்னு தெரிஞ்சு போட்டிருக்கா. வேற என்னவா இருக்கும்? அப்படித்தான் தன்ஷிகாகிட்டச் சொன்னேன்.

"அமெரிக்காவுல வேப்ப மரம் இருக்கா?"ங்கிறா அவ.

நாத்தனார் வேற பக்கத்துல இருந்துக்கிட்டு, "வீட்டைக் கொளுத்திட்டானுக, அதான் புகை. இந்த மாதிரிக் கதையில எல்லாம் அப்படித்தான் வரும்"னு சொல்லிட்டாக. பிள்ளை ஓன்னு அழுகுறா. "உனக்குத் தெரியும், தெரிஞ்சுக்கிட்டே பொய் சொல்ற, நீ வரவே மாட்ட"ங்கிறா. கதைக்கும் நான் வர்றதுக்கும் என்ன சம்பந்தம், பாருங்க பிள்ளை புத்திய. அன்னைக்கு நிறுத்தினவதான், அப்புறம் போனுக்கே வரல. நானும் ரெண்டு மூணு நாளாப் பண்ணல. சார்ஜு மிச்சம் பிடிக்கணும்ல?

வேணாங்க்கா, உங்க போன் எதுக்கு. வேணாம், வேணாம். இன்னும் ஒரு மணி நேரத்துல நேர்லயே போயிருவேன்ல.

வெயில் தாழ்ந்துருச்சா? அவ்வளவாத் தாழல. இன்னும் கொஞ்சம் போகட்டும்.

அவுக என்ன சொன்னாகன்னுதானே? ஒண்ணுமில்லை. "வித்துட்டு பஸ்ல வந்தா வா. ஆட்டோட வந்தேன்னா உனக்கு மூட்டம் போட இங்க ஆளில்லை"ன்னாக. கோவத்துல சொல்றதுதான். கால் ஒடிஞ்ச மனுஷன் எப்படிப் போடுவாரு, அதைச் சொல்லியிருப்பாக. கம்பு ஊணி நடக்குறாகளாம் இப்ப. வாசல் வரைக்கும்தான். நான் விலக்குக்கு வந்ததைப் பால்காரர் பாத்துட்டுப் போனாரு. சொல்லியிருப்பாரு. மத்தியானம் போனவரு.

நான் அந்தப் பக்கம் பாக்கலக்கா. சூரியன் கண்ணைக் கூசுது. அதான் முதுகைக் காட்டி உக்காந்திருக்கேன்.

என்ன? எங்க? கரைக்கு மேலயா புகை? அது கரிமூட்டமா இருக்கும்க்கா. எங்க ஊர்ப் பக்கம் கருவேலத்தை வெட்டிக் கரி போடுறவன் ஊருக்கு நாலு பேரு. அதுல என்ன அதிசயம்? நீங்க கண்ணாடி போட்டிருக்கீங்களே, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. கரிமூட்டம்னா கறுப்பா, ஒரே சீரா, நாள் பூரா வந்துக்கிட்டே இருக்கும்.

விட்டு விட்டு வருதா? வெள்ளையாவா?

நகருங்க, நான் பாக்குறேன்.

அடேயப்பா, என்னா வெள்ளை! பச்சைத் தழைய ஒரேயடியாப் போட்டு அமுக்கியாச்சு, அதான் மூச்சு முட்டி நின்னு நின்னு வருது. இது பழகின கை இல்லக்கா. எங்க வீட்டுக்காரர் போட்டா இப்படியா வரும்? நாத்தனாரும் இல்லை, அவுக வேலை சுத்தமா இருக்கும். இது யாரோ தெரியாத கை, தழையத் தூக்கவே முடியாத கை... அந்தா, இன்னொரு அள்ளு போட்டாச்சு! பாருங்க, மறுபடி நின்னு போச்சு! அந்த மனுஷனைப் பாத்தீங்களா? சின்னப் பிள்ளைய நெருப்புகிட்ட விட்டுட்டுக் கம்பை ஊணிக்கிட்டு நின்னு வேடிக்கை பாக்குறாரு! அவரைப் போயி வச்சுக்கிறேன் இருங்க. முடியில பட்டா என்னாகும்? பாவாடையில பட்டா? டேய் கருவாயா, எந்திரிடா. மூளியப் பாருங்க, நான் சொல்றதுக்கு முன்னாடியே நடக்க ஆரம்பிச்சுட்டா. அவளுக்கு வாசம் வந்துருச்சு. ஹேய், பா, பா, பா!

ஒண்ணுமில்லக்கா, தூசி. இத்தனை ஆடு ஒரே நேரத்துல எந்திரிச்சாத் தூசி கிளம்பாதா?

உங்க பஸ்ஸும் வருது பாருங்க. கையைக் காட்டுங்க, இல்லாட்டி நிப்பாட்டாமப் போயிருவான். பேச்சுத் துணைக்கு இருந்தீங்க, நல்லா இருப்பீங்க. ஊரைத் தாண்டிப் போனா இறங்கி வாங்க, வெள்ளேந்தல்ல பூமயில் வீடுன்னு கேட்டாச் சொல்லுவாக.

அக்கா, இன்னொண்ணு. நீங்க புத்தகம் படிக்கிற ஆளு, நாலு இடம் போவீங்க. என்னைக்காச்சும் அந்தக் கடைசிப் பக்கம் உங்க கையில கிடைச்சு, அதுல வேற மாதிரி இருந்துச்சுன்னா, என்கிட்ட வந்து சொல்லிராதீங்க.